கேட்காமல் எடுத்த குரல்



ஒலியைப் பிடித்து வைத்து, வேண்டும்போது மறுபடி ஒலிக்கச் செய்யும் கருவி 1877 டிசம்பரில் எடிசனின் பட்டறையில் பிறந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கருவி அதற்கு முன்பே கதைகளில் பிறந்துவிட்டது. எடிசனுக்குப் பிறகும், கடையில் கிடைத்த கருவியால் செய்ய முடியாததையெல்லாம் கதைக் கருவிகள் செய்துகொண்டிருந்தன. அந்தக் கற்பனைக் கருவிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குரலைச் சேமிக்க முடியுமா என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதே, சேமித்த குரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குக் கதாசிரியர்கள் போய்விட்டார்கள். அந்தக் கேள்வி இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரபேலேயிலிருந்து தொடங்குகிறேன். 1552இல் முழுமையாக வெளிவந்த அவருடைய ‘நான்காம் புத்தக’த்தில் பாந்தாகுருவேல் என்ற அரக்க வம்சத்து இளவரசன் தோழர்களோடு கப்பலில் போகிறான். நடுக்கடலில் குரல்கள் கேட்கின்றன, ஆட்களைக் காணோம். பனூர்ஜ் என்ற தோழன் நடுநடுங்கி, ஓடிவிடலாம் என்கிறான். மாலுமி விளக்கம் சொல்கிறான்: இது உறைகடலின் எல்லை. போன குளிர்காலத் தொடக்கத்தில் இங்கே பெரும்போர் நடந்தது. ஆண் பெண் அலறல், ஆயுதங்கள் மோதிய ஓசை, குதிரைக் கனைப்பு எல்லாம் குளிரில் அப்படியே உறைந்துபோயின. இப்போது வெயில் வந்திருக்கிறது, உருகுகின்றன. பாந்தாகுருவேல் இன்னும் உருகாத சொற்களைக் கைநிறைய அள்ளிக் கப்பல் தளத்தில் வீசுகிறான். நம் ஊர்ச் சீரக மிட்டாய்போலப் பச்சை, நீலம், கறுப்பு, பொன் என்று பல நிறத்தில் உருண்டு கிடக்கின்றன. உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டினால் உருகி ஒலிக்கின்றன. ஆனால் அந்நிய மொழி, யாருக்கும் பொருள் புரியவில்லை.

இந்த இடத்தில் கதைசொல்லிக்கு ஓர் ஆசை வருகிறது. நல்ல சொற்கள் சிலவற்றை எண்ணெயில் போட்டு, வைக்கோல் சுற்றி, பத்திரப்படுத்தி எடுத்துப் போகலாமே என்கிறான். பாந்தாகுருவேல் மறுத்துவிடுகிறான். நம்மிடம் ஒருபோதும் குறையாத பொருளைச் சேமித்து வைப்பது முட்டாள்தனம் என்பது அவன் கருத்து. ஒலியைச் சேமிப்பது பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய கற்பனைகளில் ஒன்று இது. அதில் சேமிக்க வழி இருந்தும் வேண்டாம் என்று ஒருவன் சொல்லிவிடுகிறான். அங்கே கிடந்தது செத்தவர்களின் கூச்சல் என்பதையும் மறக்கக் கூடாது. கேட்டு வாங்கிக்கொள்ள உரியவர் ஒருவரும் அங்கே இல்லை.

அடுத்த நூற்றாண்டில் சிரானோ த பெர்ஜராக் வருகிறார். மூக்குப் பெரிய நாடகப் பாத்திரமாகவே பலர் அவரை அறிந்திருப்பீர்கள். உண்மையில் அவர் கூர்மையான எழுத்தாளர். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1657இல் அச்சான நிலவுப் பயணக் கதையில், நிலவில் சந்திக்கும் ஒருவர் கதைசொல்லிக்கு இரண்டு சிறு பெட்டிகளைக் கொடுக்கிறார். ஒன்றைத் திறந்தால் உள்ளே கடிகாரம்போல ஏதோ உலோகப் பொருள். கண்ணுக்குத் தெரியாத சுருள்வில்களும் பொறிகளும். அதுதான் அங்கே புத்தகம். தாளும் இல்லை, எழுத்தும் இல்லை. சாவி கொடுத்து, வேண்டிய அத்தியாயத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்தால் மனித வாயிலிருந்து வருவதுபோல ஒலி எழும். நடக்கும்போதும் பயணத்தின்போதும் கேட்கலாம் என்பதால், அங்கே பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நம் ஊர் நரைத்த தாடிக்காரர்களைவிட அதிகம் தெரிந்திருக்கிறதாம். கதைசொல்லி அந்த இரண்டு புத்தகங்களையும் காதணிபோல் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இன்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் இளைஞரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரானோ நினைவுக்கு வருவார். ரபேலே மறுத்ததைச் சிரானோ இரு கையாலும் வரவேற்கிறார். அதற்குக் காரணமும் இருக்கிறது. புத்தகம் என்பது எழுதியவரே கேட்பவருக்கென்று கொடுத்தது. அதில் யாருடைய குரலும் களவு போகவில்லை.

1837இல் கணினியின் முன்னோடியான சார்ல்ஸ் பாபேஜ் இன்னொரு எல்லைக்குப் போனார். கருவியே வேண்டாம், காற்றே பதிவேடு என்றார் அவர். வாயிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு சொல்லும் காற்றின் துகள்களில் ஓர் அசைவை விட்டுச் செல்கிறது. அந்த அசைவு அழிவதில்லை. கணக்குப் போடத் தெரிந்த பேரறிவுக்கு அது வாசிக்கக் கிடைக்கும். இதை அவர் வெறும் கணித வேடிக்கையாகச் சொல்லவில்லை. அடிமைகளைக் கடலில் தள்ளிக் கொன்ற கப்பல் தலைவனுக்கு எதிராக இயற்கையே சாட்சி சொல்லும் என்று அதே அத்தியாயத்தில் எழுதினார். கேட்காமல் எடுக்கப்பட்ட குரல் அநீதிக்கு ஆளானவர்களின் பக்கம் நிற்கவும் கூடும். பிறகு நான் சொல்லப்போகும் எதுவும் இதை மறுப்பதற்காக அல்ல.

இனி உண்மைக் கருவிகள். 1857இல் பாரிஸில் எதுவார்-லியோன் ஸ்கோட் த மார்த்தென்வில் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அச்சுத் தொழிலில் இருந்தவர் அவர். கூம்பு ஒன்றின் வாயில் பேசினால் கடைசியில் உள்ள சவ்வு அதிரும். சவ்வில் ஒட்டிய மெல்லிய மயிர், புகைக்கரி படிந்த தாளில் அந்த அதிர்வைக் கோடாகக் கீறும். அவ்வளவுதான். திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே அவர் கனவு. எடிசன் புகழ் பெற்ற பிறகும், ஒலியை எழுதுவதுதான் பெரிய காரியம், திரும்பக் கேட்பதல்ல என்று வாதாடினார். 1860 ஏப்ரல் 9 அன்று ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாடலின் சில அடிகளை அப்படிக் கரித்தாளில் பதிந்தார். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளைக் கணினிவழி ஒலியாக்கினார்கள். முதலில் வேகத்தைத் தவறாகக் கணித்ததால் ஒரு சிறுமி பாடுவதுபோல் கேட்டது. மறு ஆண்டு சரிசெய்து கேட்டபோது அது மெதுவாகப் பாடும் ஓர் ஆண் குரல்; பெரும்பாலும் ஸ்கோட்டின் குரலே. கண்ணுக்கென்று எழுதி வைத்தவரின் குரலை, நூற்று நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து உலகமே காதால் கேட்டது. நானும் கேட்டிருக்கிறேன். மகிழ்ச்சியாக இருந்தது, கூடவே, இவர் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்ற எண்ணமும் வந்தது.

1877 ஏப்ரலில் ஷார்ல் குரோ என்ற கவிஞர், பதிந்த கோட்டைத் தடமாக்கி ஊசியை மறுபடி அதன்மேல் ஓட்டினால் குரல் திரும்பும் என்று எழுதி, முத்திரையிட்ட உறையில் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். அந்த உறை டிசம்பர் 3 அன்று திறக்கப்பட்டது. அதே மாதத்தில் எடிசனின் தகரத்தாள் உருளை பேசிவிட்டது. கவிஞர் கருவியைச் செய்து பார்க்கவே இல்லை. மறு ஆண்டு எடிசன், ஃபோனோகிராஃப் என்ற தன் கருவி எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு கட்டுரை எழுதினார். கடிதம் சொல்லி எழுதவைப்பது, பார்வையற்றோருக்கான நூல்கள், இசை, பொம்மைகள் ஆகியவற்றோடு, இறப்பவர்களின் கடைசி வார்த்தைகளைக் குடும்பம் பாதுகாத்து வைப்பதும் அதில் இருந்தது.

பேசும் இயந்திரம் வந்தவுடன் பிரெஞ்சுக் கற்பனை இருண்ட பக்கம் திரும்பியது. வில்லியே த லீல்-அதாம் 1886இல் வெளியிட்ட ‘வருங்கால ஏவாள்’ நாவலில் எடிசனே ஒரு பாத்திரம். அவர் செய்யும் இயந்திரப் பெண்ணின் நெஞ்சுக்குள் நுரையீரல்களுக்குப் பதில் இரண்டு பொன் ஃபோனோகிராஃப்கள். உயிருள்ள ஒருத்தியின் உருவமும் குரலும் எடுக்கப்பட்டு இதற்குள் வைக்கப்படுகின்றன. பேச வேண்டியதை ஆண்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த நாவலின் அழகியல் பெரிது என்பார்கள். எனக்கு அதில் மூச்சு முட்டும்.

ஜூல்ஸ் வெர்ன் 1892இல் வெளியிட்ட ‘கார்பேத்தியக் கோட்டை’ வேறு வகை. நான் இன்று முக்கியமாகப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். நீர்மூழ்கிக் கப்பலையும் நிலவுப் பயணத்தையும் எழுதியவர் என்றே வெர்னை நம் பிள்ளைகள் அறிவார்கள். இந்த நாவலில் அவர் ஒரு பாடகியின் குரலை எழுதினார்.

நேப்பிள்ஸ் நகரின் சான் கார்லோ அரங்கில் ஸ்டில்லா என்ற பாடகி புகழின் உச்சியில் இருக்கிறாள். அவள் பாடும் ஒவ்வொரு இரவும், கம்பித்தட்டி போட்ட ஒரு தனி மாடத்தில் கோர்ட்ஸ் என்ற டிரான்சில்வேனியப் பிரபு வந்து உட்காருகிறான். அவளைச் சந்திக்க ஒருபோதும் முயல்வதில்லை, கடிதம் எழுதுவதில்லை. கேட்பது மட்டும்தான். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த மாடத்துக்குள் அவன் இருக்கிறான் என்பது தெரியும். அந்தத் தெரிதலே அவளை வதைக்கிறது. மேடையை விட்டே விலகுவது என்று முடிவெடுக்கிறாள். தெலெக் என்ற இளம் பிரபு மணக்கக் கேட்கிறான், சம்மதிக்கிறாள். விடைபெறும் கடைசி இரவில், கடைசிப் பாட்டின் உச்சத்தில், மாடத்தின் தட்டி இறங்குகிறது. உள்ளிருந்து ஒரு தலை வெளியே நீள்கிறது. பரவசத்தில் வெறித்த அந்த முகத்தை முதல்முறையாகப் பார்த்த ஸ்டில்லா பாட்டின் பாதியில் அலறி, வாயில் ரத்தம் கொப்புளிக்க விழுந்து சாகிறாள்.

அந்த மாடத்தில் பிரபு தனியாக இருக்கவில்லை. ஓர்ஃபானிக் என்ற கண்டுபிடிப்பாளன் கூடவே இருந்தான். கடைசி நிகழ்ச்சிகளில் அவன் அங்கே ஒலிப்பதிவுக் கருவிகளை ரகசியமாகப் பொருத்தி, அவள் பாடியதையெல்லாம் எடுத்துவிட்டான். அவளுக்குத் தெரியாது. அரங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

சில ஆண்டுகள் கழித்துத் தெலெக் கார்பேத்திய மலையில் உள்ள பாழடைந்த கோட்டைக்குப் போகிறான். இருட்டில் அவள் குரல் கேட்கிறது. அவளே வெளிச்சத்தில் நின்று பாடுகிறாள். கீழே நாற்காலியில் கோர்ட்ஸ் கண் மூடி, அந்தக் குரலை மூச்சைப் போல உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறான். அதே கடைசிப் பாட்டு. முன்பு நின்ற அதே இடத்தில், அதே சுரத்தில் பாட்டு நிற்கிறது. அதே அலறல் எழுகிறது. ஆனால் அவள் விழவில்லை. அலறிய பின்னும் அசையாமல் நிற்கிறாள். ஒருவர் செத்த கணத்தை மறுபடி மறுபடி ஒலிக்கவிட்டுக் கேட்கும் மனிதனை 1892இலேயே ஒருவர் எழுதிவிட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் அலறினாள் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அந்த அலறலும் அவனுக்குப் பாட்டின் ஒரு பகுதி.

நிற்பது அவள் அல்ல. சாய்த்து வைத்த கண்ணாடியில், பலத்த ஒளியில் விழுந்த அவளுடைய ஓவியத்தின் பிம்பம். கோர்ட்ஸ் கத்தியால் குத்த, கண்ணாடி நொறுங்குகிறது. குரல் இருந்த பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான். தெலெக்கின் பணியாளன் சுட்ட குண்டு அந்தப் பெட்டியைச் சிதறடிக்கிறது. அப்போது அவன் அலறுவது அவளுக்காக அல்ல, அவளுடைய குரல் உடைந்துபோனதற்காக. கோட்டையும் வெடித்துச் சிதறுகிறது.

இந்த நாவலில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. கோட்டையிலிருந்து கீழே உள்ள கிராமத்து விடுதிக்கு ஓர்ஃபானிக் இரவோடு இரவாகத் தொலைபேசிக் கம்பி இழுத்திருக்கிறான். ஊரார் அங்கே உட்கார்ந்து பேசுவதெல்லாம் பிரபுவின் காதுக்குப் போகிறது. கோட்டைக்குப் போகத் துணிந்தவனை ஒரு குரல் எச்சரிக்கும்போது, பேய் என்று ஊரே நடுங்குகிறது. பாடகியின் குரலைத் திருடியவனும் ஊரை ஒட்டுக்கேட்பவனும் ஒரே ஆள் என்று வெர்ன் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டிலும் பேசுகிறவருக்கு, தான் கேட்கப்படுவது தெரியாது.

வெர்னுக்கு எதிரே நான் வைக்க விரும்புவது ஆர்தர் கானன் டாயில் 1899இல் வெளியிட்ட ஒரு சிறுகதை. ஷெர்லாக் ஹோம்ஸ் இதில் இல்லை. மனைவியை இழந்த ஒரு கனவான். ஒரு காலத்தில் குடியும் சூதுமாகக் கெட்ட பெயர் எடுத்தவர். இரவில் அவர் அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. வீட்டார் தப்பாக எண்ணுகிறார்கள். ஓர் இரவு பிள்ளைகளின் ஆசிரியர் அதே அறையில் தூங்கிப்போய், உண்மையைக் கண்டுவிடுகிறார். கறுப்பு அரக்குப் பூச்சுப் பெட்டியில் இருந்தது ஒரு ஃபோனோகிராஃப். கணவனைக் குடியிலிருந்து மீட்டெடுத்த மனைவி, சாகும் தறுவாயில், மூச்சு வாங்கிக்கொண்டே அதில் அவருக்காகச் சில சொற்களைப் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுபடி குடிக்காமல் இருக்க அவர் அதைத் தினமும் கேட்கிறார்.

இரண்டு கதையிலும் இறந்த பெண்ணின் குரல். இரண்டிலும் இரவில் தனியே உட்கார்ந்து கேட்கும் ஆண். இரண்டிலும் ஒரு பெட்டி. ஒன்று எடுத்தது, மற்றது கொடுத்தது. டாயிலின் கதையில் அந்தக் குரல் யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் பேசியவளே தீர்மானித்தது. அதனால்தான் அந்தக் கதையில் தற்செயலாகக் கேட்டுவிட்ட ஆசிரியரும் நாமும் குற்றவுணர்வு கொள்கிறோம். இது நமக்குச் சொன்னதல்லவே.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வந்தது. அதில் டாக்டர் சீவர்ட் தன் நாட்குறிப்பை மெழுகு உருளைகளில் பேசி வைக்கிறார். மாதக்கணக்கில் பேசியும், குறிப்பிட்ட ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்கும் வழியை அவர் யோசிக்கவே இல்லை. மீனா என்ற பெண் அந்த உருளைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள். கேட்டு முடித்ததும் அவள் சொல்வதன் சாரம் இது: உங்கள் நெஞ்சின் வேதனை இந்தக் குரலில் அப்படியே இருக்கிறது, இனி வேறு யாரும் இதைக் கேட்கக் கூடாது, எழுத்தைப் படித்தால் போதும். ஒலிப்பதிவு பற்றிய கதைகளில் இவ்வளவு நாகரிகமான ஒரு செயலை நான் வேறெங்கும் படித்ததில்லை. செய்தியை எல்லோருக்கும் கொடுத்து, குரலை மட்டும் உரியவரிடமே விட்டுவிடுகிறாள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ஏ.ஆர்.ரகுமான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் ‘கோட்’ படத்தில், அந்த ஆண்டின் தொடக்கத்தில் மறைந்த பவதாரிணியின் குரலை அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா பாடவைத்தார். இவற்றைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் பலர். கேட்டுச் செய்தார்கள், சொல்லிச் செய்தார்கள்; அது நேர்மை. ஆனால் சாகுல் ஹமீது 1997இலேயே போய்விட்டார். தன் குரல் தான் பாடாத பாட்டைப் பாடும் என்று அவரால் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. குடும்பத்தாரின் சம்மதம் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். பாடியவரின் சம்மதத்துக்கு அது ஈடாகுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எடிசனின் உருளை பாடியதைத்தான் திருப்பிப் பாடியது. இந்தக் கருவி பாடாததையும் பாடுகிறது. வில்லியேயின் பொன் நுரையீரல்களுக்கு இது மிக அருகே வந்துவிட்டது.

சினிமாவைவிட எனக்குக் கவலை தருவது நம் ஆவணக் காப்பகங்கள். இந்த அவையில் நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் இருக்கிறீர்கள். ஒப்பாரி சேகரிக்கப் போனவர்களுக்குத் தெரியும், சாவு விழாத வீட்டுக்குள் உட்கார்ந்து ஒப்பாரி பாடப் பெண்கள் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு ஆகாது என்பார்கள். தோப்புக்கோ களத்துமேட்டுக்கோ கூட்டிப்போய்ப் பாடுவார்கள். பாடும்போது யாரோ ஒரு பொது மனிதருக்காக அழுவதில்லை. செத்துப்போன தன் மகனையோ தாயையோ நினைத்துத்தான் அழுகிறார்கள். பாடி முடித்துவிட்டு, “இதை ஊருக்குள்ள போட்டுக் காட்டிராதீக” என்று சொல்வதும் உண்டு. நாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். கேசட்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து இணையத்துக்கும் அந்தக் குரல் போகிறது. பதிவோடு வைக்கும் தகவல் தாளில் ஊர், பெயர், வயது, சாதி, பாடல் வகை எல்லாம் இருக்கும். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இடம் இருக்காது.

எனவே இந்தத் துறைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நீங்கள் களத்துக்குக் கொண்டுபோகும் தகவல் தாளில் இன்னும் நான்கு வரி சேருங்கள். இதை யார் கேட்கலாம், எங்கே ஒலிக்கவிடக் கூடாது, உங்களுக்குப் பிறகு யாரைக் கேட்க வேண்டும், இந்தக் குரலைக் கொண்டு புதிதாக எதையும் பாடவைக்கலாமா. எழுதத் தெரியாதவர் என்றால் அவர் பதிலையும் அவர் குரலிலேயே பாட்டுக்கு முன்னால் பதிவு செய்யுங்கள். பிறகு யார் அந்தப் பாட்டைத் திறந்தாலும் முதலில் அந்தப் பதில்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் கேசட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தந்த ஊருக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். பாடியவர்களில் சிலராவது இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் அவர்கள் குரலைப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடவும் தயாராகப் போங்கள். ஓர் ஆய்வேட்டில் ஒரு பாடல் குறைந்தால் ஆய்வேடு ஒன்றும் கெட்டுவிடாது.